தலைப்பையும் வாசிக்கிறவர்

வேதாகமத்தில் சங்கீதம் வாசிக்கும்போது நடுவில் 'சேலா' என்று பொருள் தெரியாத ஒரு சொல் வந்தால் எங்கள் சபையில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. கண் அதன்மேல் பட்டுத் தாண்டிப் போய்விடும். எங்கள் சபை அண்ணாச்சி ஒருவர் மட்டும் அதை வாசிப்பார். வாசித்துவிட்டு, மனதுக்குள் மூன்று எண்ணும் நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பார். புதிதாக ஆராதனைக்கு வந்தவர்கள், பாவம், வரி தவறிவிட்டது என்று நினைத்துத் தங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். பழகிய நாங்கள் அந்த இடைவெளியில் இருமிக்கொள்வோம்.

'சேலா'வாவது ஒரு சொல். தலைப்புதான் பெரிய பாடு. சில சங்கீதங்களுக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். இன்ன வாத்தியத்தில் வாசிக்க இராகத் தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்று. அந்த வாத்தியத்தின் பெயரைக் கேட்டால் நெகினோத், கித்தீத், செமினீத், சோஷனீம் என்று ஏதாவது இருக்கும். என்ன வாத்தியம், தந்தியா, குழலா, யாருக்கும் தெரியாது. எல்லோரும் அந்த வரியை விட்டுவிட்டு முதல் வசனத்தில்தான் ஆரம்பிப்பார்கள். அவர் ஒரு எழுத்துகூட விடாமல், தூத்துக்குடி மில் சங்கு ஊதுவதுபோல ஒரே சுருதியில், "செமினீத்" என்று நீட்டி வாசிப்பார். பின் பெஞ்சில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

அதனால்தான் அவருக்கு 'இராகத் தலைவர்' என்று பேர் விழுந்தது. அதில் ஒரு வேடிக்கை, அவருக்குப் பாடவே வராது. பாடகர் குழுவில் சேரப் போனபோது, "அண்ணாச்சி, நீங்க வாசிச்சா மட்டும் போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் அப்போது பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். நாசரேத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தேன். அவர் அதே ஆபீசில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற, ஏறுகிற ஒவ்வொரு பெட்டியையும் மூட்டையையும் நின்று எண்ணிக் குறித்துக்கொள்வதுதான் டாலி கிளார்க்கின் வேலை. பெட்டியின்மேல் போட்டிருக்கும் மார்க்கையும் எழுத வேண்டும். புரியாத எழுத்தில் மார்க் இருந்தால் மற்ற கிளார்க்குகள் 'மார்க் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் புரியாத எழுத்தைப் படம் வரைவதுபோல வரைந்துகொண்டு வருவார்.

அது என் தலையில் வந்து விடியும். டைப்ரைட்டரில் அந்த எழுத்து இருக்காது.

"அந்த இடத்தை மட்டும் காலியா விடுங்க டைப்பிஸ்டம்மா. நான் மசியில போட்டுக்கிடுதேன்."

"ஆறு காப்பி இருக்கு அண்ணாச்சி."

"ஆறுலயும் போடுதேன்."

"இது என்ன எழுத்துன்னாவது தெரியுமா?"

"தெரியாது. யாருக்குத் தெரியணுமோ அவியளுக்குத் தெரியும். நம்ம சோலி, உள்ளத உள்ளபடி எழுதுதது."

ஒருநாள் சாயங்காலம் தபாலுக்கு நேரமாகிவிட்டது. மேனேஜர் கத்திக்கொண்டிருக்கிறார். இவர் என் மேசை ஓரத்தில் நின்று, ஆறாவது தாளில் ஒரு பானையும் அதன் கழுத்தில் மூன்று புள்ளியும் வரைந்துகொண்டிருந்தார். கொழும்பிலிருந்து தோணியில் வந்த ஒரு தகரப் பெட்டியின் மார்க் அது. எனக்கு வந்த எரிச்சலில், "சின்னப் பிள்ளை கிறுக்குனத எல்லாம் மார்க்குன்னு வரையுதீங்களே" என்று சொல்லிவிட்டேன். அவர் மூன்றாவது புள்ளியை வைத்துவிட்டு, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு அம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். ஏரலில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாளாம். சாமான் பெட்டி வந்து சேரவில்லை. ரசீது இல்லை. பெட்டியில் என்ன பேர் போட்டீர்கள் என்று கேட்டால், "எழுத்துத் தெரியாதுங்க" என்றாள். பிறகு என் மேசைமேல் இருந்த தூசியில் விரலால் ஒரு பானை வரைந்தாள். கழுத்தில் மூன்று புள்ளி வைத்தாள். வீட்டுக்காரர் போட்டுவிட்ட குறி, அவர் வருகிற வழியிலேயே இறந்துபோனார் என்றாள்.

நான் எழுந்து போய்ப் பழைய தாள் கட்டிலிருந்து அந்தக் காப்பியை எடுத்து வந்தேன். பெட்டி ஷெட்டில் ஒரு மூலையில் கிடந்தது. உள்ளே இரண்டு கம்பளியும் ஒரு அம்மிக் குழவியும் சில பாத்திரங்களும். அவள் குழவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லிக்காட்டுகிற புத்தி அவருக்குக் கிடையாது.

சபைக்குப் புதுப் போதகர் வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இளவயசு, சுறுசுறுப்பானவர். இரண்டு வாரம் பார்த்துவிட்டு இவரைக் கூப்பிட்டு, "அந்தத் தலைப்பு, சேலா எல்லாம் சனங்களுக்கு விளங்காது. நேரா வசனத்துக்கு வந்திருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"அப்படின்னா வேற ஆள வாசிக்கச் சொல்லுங்க ஐயரே. எனக்கு எதுவும் வருத்தம் இல்ல" என்று இவரும் மரியாதையாகவே சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறிலிருந்து பின்னால் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நாட்களில்தான் அவர் வேதாகமக் கல்லூரி ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். எபிரெயு தெரிந்த பேராசிரியர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தலைப்புகளில் இருக்கிற சொற்களையெல்லாம் வரிசையாக எழுதி, இவற்றின் பொருள் என்ன என்று கேட்டிருந்தார். பதில் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் பேராசிரியர் நல்ல மனிதர், பொறுமையாக எழுதியிருந்தார். சில சொல் வாத்தியத்தின் பெயராக இருக்கலாம். சில சொல் ராகத்தின் பெயராக இருக்கலாம். 'அயெலேத் ஷாகார்' என்றால் விடியற்காலத்துப் பெண்மான். அது அந்தக் காலத்தில் எல்லோரும் பாடிய ஏதோ ஒரு பாட்டின் முதலடியாக இருக்கலாம், அந்தப் பாட்டின் மெட்டில் இதைப் பாடு என்று அர்த்தமாகலாம். ஆனால் எதுவும் உறுதியில்லை. எபிரெயு மொழியிலிருந்து முதன்முதலில் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தவர்களுக்கே இவற்றில் பல சொற்கள் விளங்கவில்லை. இப்படிப் போயிற்று கடிதம்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "யாருக்குமே தெரியலையே அண்ணாச்சி" என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நல்லா யோசிச்சுப் பாருங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஒருத்தனுக்கும் புரியல. ஒருத்தனும் விடவும் இல்ல. கையால எழுதுன காலத்துல, எவனாவது ஒருத்தன், இது எதுக்குன்னு ஒரு வரிய விட்டிருந்தா போச்சு. ஒருத்தன்கூட விடலையே." கடிதத்தை மடித்துக்கொண்டே, "அந்த மான் பாட்டு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க" என்றார்.

இவ்வளவும் சொல்கிற நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதையும் விடாமல் வாசிக்கிற அவர், ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே மகள். அவள் வேம்பாரில் ஒரு படகு டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர், வேறு ஆட்கள். அவர் மனைவிக்கு அது தாங்கவில்லை. "அவ பேரு இனி இந்த வீட்டுல கேட்கப்பிடாது" என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்று தலையாட்டினார். அந்தப் பெண் நாலு வருஷம் தாய் வீட்டுப் படி ஏறவில்லை. வேம்பார் என்ன, அமெரிக்காவா? பஸ்சில் ஏறினால் போய்விடலாம். வடக்கே வேம்பாருக்குப் போகிற கடலோர ரோட்டில்தான் அண்ணாச்சி வீடே இருந்தது.

அவர் மனைவி, அந்த அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். மீனைப் பொரித்துக்கொண்டே பேசுவாள், பரிமாறிக்கொண்டே பேசுவாள். "ஏளா, ஒங்க அண்ணாச்சி பலசரக்குச் சீட்டக்கூட மேல இருக்க கடைப் பேர்ல ஆரம்பிச்சுல்லா வாசிக்காவ. கடைக்காரன் பேரு எனக்குத் தெரியாதா? மல்லி எவ்வளவு, அதச் சொல்லும்னா, இரு, அங்கனதான வாரேன்காவ." அவர் சிரித்துக்கொண்டே முள் எடுத்துக்கொண்டிருப்பார். ஊரில் எல்லாரைப் பற்றியும் பேசுவாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சில சமயம் நாலு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப எடுத்து அடுக்கிவிடுவாள்.

புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்க ஆரம்பித்திருந்த சமயம். ஒருநாள் காலையில் அடுப்படியில் அந்த அக்கா விழுந்துவிட்டாள். வலது கையும் காலும் வரவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்குப் பேச்சு போகவில்லை, சொல்தான் போய்விட்டது. முன்னைப்போலவே நிறுத்தாமல் பேசினாள். கேட்டால் ஒன்றும் விளங்காது. 'லாட்டிமா' என்பாள், 'கொம்பரி' என்பாள். எந்த ஊர்ச் சொல்லும் இல்லை. நமக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவள் பேசப் பேசவே, "சரி சரி, படுத்துக்கிடுங்க" என்றார்கள். அவள் தம்பி சாத்தான்குளத்திலிருந்து வந்தான். "அத்தான், அக்காவுக்குப் புத்தி பேதலிச்சுட்டு. அவ பேச்சுக்கு நீரு காது குடுத்துக்கிட்டு இருந்தா ஒமக்கும் பேதலிச்சிரும்" என்றான்.

அவர் ஆபீசில் இருக்கும் நேரம் மட்டும் பக்கத்து வீட்டு அம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டாள். அவர் ஒரு பழைய டாலி நோட்டை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதினார். எத்தனை மணிக்குச் சொன்னாள், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள், எல்லாம் எழுதினார். திரும்ப அதே சொல் வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் குறுக்கே ஒன்று, மூட்டை எண்ணுகிற மாதிரி.

ஒரு மாதத்தில் 'லாட்டிமா' தண்ணீர் என்று கண்டுபிடித்துவிட்டார். 'கொம்பரி' என்றால் வலது பக்கம் வலிக்கிறது, புரட்டிப் போடு. அவள் அதைச் சொல்லி அவர் சரியாகச் செய்துவிட்ட அன்று, அந்த அக்கா இடது கையால் அவர் தாடையைப் பிடித்து ஆட்டினாளாம். ஆபீசில் வந்து சொன்னார். சொல்லும்போது தாடையைத் தடவிக்கொண்டார்.

ஐயர் ஜெபிக்க வந்த அன்று நான் அங்கே இருந்தேன். அவர் கண்ணை மூடி ஆரம்பித்ததும் அந்த அக்காவும் பேச ஆரம்பித்தாள். ஐயர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். இவர் மெல்ல ஐயரின் கையைத் தொட்டார்.

"ஐயரே, கொஞ்சம் பொறுங்க. அவ பேசி முடிச்சிரட்டும்."

ஐயர் கண்ணைத் திறந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவள் பேசி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. ஐயர் அசையாமல் நின்றார். பிறகு ஜெபித்தார், சின்ன ஜெபம். வாசலில் செருப்பைப் போடும்போது, "அடுத்த வாரம் சங்கீதம் நீங்க வாசிக்கலாம். மேல இருந்தே வாசிங்க" என்றார். "இவள விட்டுட்டு வர முடியாதே ஐயரே" என்று இவர் சொன்னார்.

நோட்டில் ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. 'சம்புரோ'. அதற்குப் பக்கத்தில் கோடு கோடாக ஏறிக்கொண்டே போனது. சோறா என்று கேட்டார், இல்லை. போர்வையா, இல்லை. எல்லாவற்றையும் எடுத்து எடுத்துக் காட்டினார். அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, "நீங்க ஒரு தடவ பாருங்க" என்றார்.

நேரம் எழுதியிருந்த பக்கத்தை மட்டும் நான் பார்த்தேன். பெரும்பாலும் சாயங்காலம், ஆறு மணிக்குப் பக்கத்தில். என்ன நடந்துகொண்டிருந்தது என்ற இடத்தில், 'ரோட்டில் பஸ்' என்று அவரே எழுதியிருந்தார். மறுநாளும் 'ரோட்டில் பஸ்'. அதற்கு மறுநாளும்.

"ஆறு மணிக்கு வாரது எந்த ஊர் பஸ் அண்ணாச்சி?"

அவர் நோட்டை வாங்கி மூடினார். அது வேம்பார் பஸ் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கோட்டைப் போட்டவரே அவர்தானே. பிறகு, "சனிக்கிழம அரை நாள்தான ஆபீசு? அவகூட சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை மாதிரி ஒரு நீளமான மத்தியானத்தை நான் பார்த்ததில்லை. அவர் வேம்பாருக்குப் பஸ் ஏறிவிட்டார். அக்கா லாட்டிமா கேட்டாள், கொடுத்தேன். கொம்பரி என்றாள், புரட்டிவிட்டேன். ஆறு மணி நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்துவிட்டது. மகள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? வந்து இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? பஸ்சின் ஹாரன் கேட்டது. "சம்புரோ" என்றாள் அந்த அக்கா, கூரையைப் பார்த்து.

முதலில் அவர் வந்தார். பின்னால் அந்தப் பெண். கடல் காற்றில் தலை கலைந்திருந்தது. கையில் ஒரு பை. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா" என்றாள்.

அந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, பேச ஆரம்பித்தாள். முதலில் மெல்ல, அப்புறம் ஓங்கி. லாட்டிமாவும் இல்லை, கொம்பரியும் இல்லை, அதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத சொற்கள். இடது கையை விரித்துவிரித்து ஆட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, நாலு வருஷத்துப் பேச்சையும் பேசினாள்.

"அப்பா, அம்மா என்ன சொல்லுதாவ?"

"ஏசுதா. அது மட்டும் தெரியுது."

அந்தப் பெண் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஆமா, எம்மேல தப்புதான்" என்றாள். அம்மா நிறுத்தவில்லை. "நீ மட்டும் வந்தியாக்கும்? நாலு வருஷமா பஸ்சு ஓடத்தான செஞ்சுது" என்று இவளும் குரலை உயர்த்தினாள். இப்படியே இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஒருத்தி தமிழில், இன்னொருத்தி என்ன மொழி என்று தெரியாத மொழியில். எந்த இடத்தில் அழுகை ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடி நின்றார், இறக்கவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் அந்தப் பெண் வந்தாள். மருமகனும் ஒரு தடவை வந்து, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனான். அடுத்த தடவை உள்ளே வந்தான். தாயும் மகளும் பேசட்டும் என்று அவர் அந்தச் சமயங்களில் தெருவில் போய் நின்றுகொள்வார். உள்ளே என்ன பேச்சு நடந்தது, என்ன சொல் புதிதாக வந்தது என்று அவர் கேட்டதே இல்லை.

ஒருநாள் ஆபீசில், கொஞ்சம் பெருமையாகவே, நான் சொன்னேன். "கடைசியில 'சம்புரோ'ன்னா மகதான்னு கண்டுபிடிச்சிட்டோம் பாத்தீங்களா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அது தெரியாது டைப்பிஸ்டம்மா. மக வந்த பொறவும் அவ சம்புரோங்கா. நேத்துகூடச் சொன்னா. பஸ்சு சத்தம் காதக் குடையுது, சன்னலச் சாத்துன்னுகூட இருக்கலாம்."

"அப்ப ஏன் அண்ணாச்சி போய்க் கூட்டியாந்தீங்க?"

வெளியே எங்கோ ஒரு கிரேன் இரைந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எனக்கு மகளப் பாக்கணும்போல இருந்துச்சு. அவ சொன்ன சொல்லுக்கு நானா ஒரு அர்த்தத்த எழுதிக்கிட்டேன். எம் பொழப்புல அது ஒண்ணுதான் அப்படிச் செஞ்சது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அக்காகிட்ட சொல்லிராதீங்க."